நாற்பதாயிரம் பேரை விரட்டியவர்

“சம்பந்தி, ஒரே ஆளா நின்னு, கையில ஒரு குச்சிகூட இல்லாம, நாப்பதாயிரம் பேரை நான் விரட்டியிருக்கேன்!”

எதிர்வீட்டுக் கதவு திறந்ததும் திறக்காததுமாகப் புரூப்காரர் இப்படி அறிவித்தபோது காலை மணி எட்டு இருபது. அவருக்கு வயது எழுபத்தொன்று. காக்கையை விரட்டக் கையை ஓங்கினால், அது தலையைச் சாய்த்து ‘ஏதாவது வேணுமா?’ என்று கேட்பதுபோல் பார்க்கும். அப்படிப்பட்ட உடம்பு. சட்டைப் பையில் சிவப்புப் பேனா. அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவர். அவர் திருத்திய பிழைகளை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரலாம், வழியில் உட்கார நாலு பெஞ்சும் போடலாம் என்பது அவருடைய கணக்கு.

கதவைத் திறந்த சம்பந்தியின் பட்டப்பெயர் மில்லிமீட்டர். வானிலை ஆபீசில் முப்பத்துநாலு வருடம் மழையை அளந்தவர். அளக்காத எதையும் நம்பமாட்டார். கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றாலும், “இன்னும் பதிவாகல” என்று சொல்லக்கூடிய மனிதர். அவர் மகனுக்கும் புரூப்காரரின் மகளுக்கும் கல்யாணமாகி, இளசுகள் இரண்டும் வேலை கிடைத்த வேறு ஊருக்குப் போய்விட, பெரியவர்கள் மட்டும் ஒரே மாடியில் எதிரும் புதிருமாக மிஞ்சினார்கள். எதிரும் புதிரும் என்பது கதவுகளுக்கு மட்டும் பொருந்துகிற வார்த்தையில்லை.

“எட்டரைக்கு நான் பதிவு பண்ணணும் சம்பந்தி. அதுக்கப்புறம் விரட்டுங்க” என்றார் மில்லிமீட்டர்.

“விளையாட்டில்லீங்க. உங்க சம்பந்தியம்மாவோட வலைப்பக்கம் ஏன் கீழ போய்க்கிட்டே இருக்குன்னு நாலு மாசமா மண்டையைப் போட்டு உடைச்சுக்கறீங்களே, அதுக்குக் காரணம் யாரு தெரியுமா? இந்தப் பேனா!”

மில்லிமீட்டர் பேனாவைப் பார்த்தார். பேனாவைப் பிடித்திருந்த விரல்களையும் பார்த்தார். அவை மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தன. சம்பந்தி பெருமையடித்துக்கொள்ளும்போது அவர் கை இப்படி அலைந்து இதுவரை பார்த்ததில்லை. “உள்ள வாங்க” என்றார்.

என்ன நடந்தது என்றால், இதுதான்.

புரூப்காரரின் மனைவியை ஊரே மெஷினம்மா என்று அழைக்கும். தையல் மெஷின் பழுது பார்க்கும் கடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். அந்தக் கடையில் ஒரே பெண் மெக்கானிக். அவர் காது அப்படிப்பட்டது. ஒருநாள் சமையலறையில் நின்றபடியே, “பின்தெருவுல எவளோ ஊசியைத் திருப்பி மாட்டிக்கிட்டுத் தைக்கிறா” என்றார். புரூப்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்தார். உண்மைதான். இதை அவர் சொல்லும்போது பின்தெரு சில சமயம் பக்கத்து ஊராகவும், ஒருமுறை கடலுக்கு அக்கரையாகவும் ஆகியிருக்கிறது. ஆனால் ஊசி திருப்பி மாட்டியிருந்தது என்ற விஷயம் மட்டும் ஒருபோதும் மாறியதில்லை.

கடையிலிருந்து ஓய்வு பெற்றதும் மெஷினம்மா ஒரு வலைத்தளம் தொடங்கினார். மகள்தான் அமைத்துக் கொடுத்தாள். நாலு வருடமாக, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினார். ஒரு பக்கத்துக்கு ஒரு பழுது. வாடிக்கையாளர்கள் கடைக்கு வந்து என்ன வார்த்தையில் புலம்பினார்களோ, அதையே தலைப்பாக வைத்தார். ‘ஊசி ஒடஞ்சிக்கிட்டே இருக்கு.’ ‘தையலு விட்டு விட்டு விழுது.’ ‘மிசினு கல்லு மாதிரி கனக்குது.’ ‘அடில நூலு கொசகொசன்னு விழுது.’ கீழே பழுது எப்படி வந்தது, எப்படிச் சரி செய்வது, எந்தத் திருகை எவ்வளவு திருப்புவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் எழுதியிருந்தார். ‘பயப்படாத கண்ணு, மெசின் உன்னக் கடிக்காது’ என்பது பல பக்கங்களில் முதல் வரி.

தேடுகிற இடத்தில் இந்தத் தலைப்புகளை யார் தட்டினாலும் மெஷினம்மாதான் முதலில் நிற்பார். பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அவருக்குப் பின்னால் வரிசையில். இதைப் புரூப்காரர் பெருமையாகச் சொன்னபோது மில்லிமீட்டர் நம்பவில்லை. நம்பாததால் அளக்கத் தொடங்கினார். பத்துத் தலைப்புகளை எழுத்துக்கு எழுத்து நோட்டில் எழுதிக்கொண்டு, தினமும் காலை எட்டரைக்கு ஒவ்வொன்றாகத் தட்டி, தளத்தின் பெயர் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று மட்டும் பார்த்துக் கட்டம் போட்டுக் குறித்தார். மூன்றே முக்கால் வருடமாக ஒருநாள் தவறவில்லை. காய்ச்சலில் படுத்த நாளிலும் பதிவு இருக்கிறது, கையெழுத்துதான் கோணல். பக்கம் பக்கமாக ஒன்று, ஒன்று, ஒன்று. “மழை பெய்யாத ஊர்ல வேலை பார்த்த மாதிரி இருக்கு” என்று ஒருமுறை சலித்துக்கொண்டார்.

பிறகு ஒன்று, இரண்டானது. இரண்டு, நான்கானது. நான்கு, ஒன்பதானது.

தடாலென்று விழுந்திருந்தால் யாராவது எங்கேயாவது தொலைபேசியைத் தட்டியிருப்பார்கள். இது அப்படியில்லை. பழைய துணியில் சாயம் போவதுபோல, நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாமல், நாலு மாதத்தில் வெளுத்துவிட்டது. மில்லிமீட்டர் வாரத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார். படங்கள் கனமாக இருப்பதால் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்றார். தேடுபொறிக்காரன் விதியை மாற்றிவிட்டான் என்றார். புதிதாக எதுவும் எழுதாத தளத்தை அவன் கண்டுகொள்ளமாட்டான் என்றார். கம்பெனிக்காரர்கள் ஆள் வைத்து எழுதுகிறார்கள் என்றார். எல்லாமே நம்பக்கூடிய காரணங்கள்தான். மகளிடம் சொல்லிப் படங்களைச் சுருக்கினார்கள். புதிதாக மூன்று பக்கம் எழுதினார்கள். சரிவு நிற்கவில்லை.

மெஷினம்மா தன் பங்குக்கு ஒரே ஒரு காரணம்தான் கண்டுபிடித்தார். அதை யாரிடமும் விவாதிக்கவில்லை. ஒருநாள் மாலை, சுவரில் மாட்டியிருந்த திருப்புளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணெய்த் துணியில் துடைத்து, இரும்புப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார்.

“என்னம்மா பண்றே?” என்றார் புரூப்காரர்.

“நான் சொல்றது பழசாயிடுச்சுங்க. இப்ப வர்ற மெஷினுக்கு என் வைத்தியம் பலிக்கல போலிருக்கு. நாலு பேர் செஞ்சு பார்த்துட்டுக் கெட்டுப்போச்சுன்னு போயிருப்பாங்க. இந்த மாசக் கடைசியோட தளத்துக்குத் தவணை முடியுது. புதுப்பிக்க வேணாம். அப்படியே விட்டுடலாம்.”

முப்பத்தொரு வருடம் ஆண்களின் கடையில், “இது பொம்பளை தொட்ட மெஷினா?” என்று கேட்டவர்களிடமெல்லாம் ஓட்டிக் காட்டி வாயை மூட வைத்தவர். அவர் வாயிலிருந்தே ‘பலிக்கல’ என்ற சொல் வந்தது. புரூப்காரர் ஆறுதலாக ஒரு வாக்கியம் சொல்ல நினைத்து, அதிலேயே இரண்டு பிழைகளைக் கண்டு, திருத்திக்கொண்டிருப்பதற்குள் மெஷினம்மா எழுந்து போய்விட்டார்.

இது நடந்தது மூன்று நாளைக்கு முன்.

இன்று காலை ஏழரைக்கு, மெஷினம்மா பால் வாங்கப் போயிருந்தபோது, தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல். பின்னால் மெஷின் கடகடவென்று ஓடுகிற சத்தம்.

“ஐயா, மெஷினக்கா வீடுங்களா? அக்கா... அக்கா நல்லா இருக்காங்கல்ல?”

“நல்லா இருக்காங்களே. ஏன்?”

“அப்பாடா! ரெண்டு மாசமா அவங்களைக் காணோம்யா. எப்பவும் அடில நூலு கொசகொசன்னு விழுதுன்னு தட்டுவேன், அக்கா மொத ஆளா வந்து நிப்பாங்க. இப்பத் தட்டினா எவனோ கம்பெனிக்காரன் வந்து புது மெசின் வாங்குங்கறான். குறிச்சு வெச்ச முகவரியத் தட்டினா, பக்கம் இல்லைன்னு வருது. போய்ச் சேந்துட்டாங்களோன்னு ஒரு நாள் முழுக்கத் தைக்கவே கை ஓடலங்கய்யா. அப்புறம்தான் மெசின் மேசையில எப்பவோ சாக்பீஸ்ல எழுதி வெச்ச நம்பர் ஞாபகம் வந்துச்சு.”

“பக்கம் இருக்கேம்மா. இருங்க, பார்க்கறேன்.” புரூப்காரர் கணினியைத் திறந்தார். பக்கம் பத்திரமாகத்தான் இருந்தது. தலைப்பை உரக்கப் படித்தார்: “அடிப்புறத்தில் நூல் ஒழுங்கற்றுத் திரள்தல்: காரணமும் தீர்வும்.”

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

“திரள்தலா? கூட்டம்தானேய்யா திரளும்? நூலு எப்படித் திரளும்?”

புரூப்காரர் தலைப்பை மறுபடி பார்த்தார். அந்தத் தலைப்பு அவருடையது.

மகளுக்குப் பிரசவம் ஆனபோது மெஷினம்மா இரண்டரை மாதம் மகள் வீட்டில் போய் இருந்தார். தனியாக இருந்த புரூப்காரர், முதல் நாள் சும்மா ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தார். ‘ஒடஞ்சிக்கிட்டே.’ ‘மிசினு.’ இரண்டு வரி தள்ளி ‘மெசின்.’ இன்னும் நாலு வரி தள்ளி ‘மெஷின்.’ ஒரே பக்கத்தில் மூன்று! முப்பத்தெட்டு வருடப் பழக்கம் விரல் நுனியில் அரித்தது. மனைவி திரும்பி வரும்போது ஒரு பரிசாக இருக்கட்டுமே என்று உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மெஷினம்மா ஊரிலிருந்து திரும்பிய பிறகும், அவர் குளிக்கிற நேரத்தில் ஒரு பக்கம். எழுதி முடித்த பக்கத்தைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் மெஷினம்மாவுக்கு இல்லை. மிசின் ‘தையல் எந்திரம்’ ஆனது. பாபின் ‘அடிநூல் உருளை’ ஆனது. ‘மிசினு மக்கர் பண்ணுது’ என்பதை ‘எந்திரம் ஒத்துழைக்க மறுக்கிறது’ என்று மாற்றிய அன்று, தனக்குத்தானே ஒரு டீ போட்டுக் கொண்டாடினார். பக்கத்தின் தலைப்பைத் திருத்தியது போதாதென்று, தலைப்புக்குப் பொருந்தாமல் இருக்கிறதே என்று பக்கத்தின் முகவரியையும் திருத்தினார். தையல்காரர்கள் குறித்து வைத்திருந்த முகவரிகளெல்லாம் ஒவ்வொரு நாளும் ஒன்றாகச் செத்தன. நூற்றுப் பன்னிரண்டும் முடிந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்திருந்தார். நூற்று ஏழு முடிந்திருந்தது.

இவ்வளவையும் மில்லிமீட்டரின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கொட்டி முடித்தபோது மணி எட்டரை. மில்லிமீட்டர் கையைக் காட்டிப் பேச்சை நிறுத்தி, பத்துத் தலைப்பையும் தட்டி, பத்து எண்ணையும் குறித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“மொதல்ல நாப்பதாயிரம் தப்பு. மாசத்துக்கு நாலாயிரம் பேர்தான் வந்துக்கிட்டு இருந்தாங்க. நாலு மாசத்துல எல்லாருமே ஓடியிருந்தாக்கூடப் பதினாறாயிரத்தைத் தாண்டாது.”

“சரி, பதினாறாயிரம் பேரை விரட்டினேன். சந்தோஷமா?”

“விரட்டினதுக்கு ஆதாரம்?”

புரூப்காரர் மடியிலிருந்து தன் நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். அச்சகப் பழக்கம். எந்தப் பக்கத்தை எந்தத் தேதியில் திருத்தினார், எத்தனை பிழை, பக்கத்தில் சின்னதாக ஒரு சுருக்கொப்பம். மில்லிமீட்டர் தன் நோட்டைப் பக்கத்தில் வைத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இரண்டு கிழவர்களும் இரண்டு நோட்டுகளின்மேல் குனிந்தார்கள்.

‘ஊசி ஒடஞ்சிக்கிட்டே இருக்கு’: திருத்தியது மூன்றாம் தேதி. இருபதாம் தேதி முதல் சறுக்கல். ‘தையலு விட்டு விட்டு விழுது’: திருத்தியது பதினொன்றாம் தேதி. இருபத்தொன்பதாம் தேதி முதல் சறுக்கல். விரல்கள் கட்டம் கட்டமாக நகர்ந்தன. பத்தில் பத்தும் அப்படித்தான். திருத்திய பதினாறு, பதினேழு, பதினெட்டு நாளில், பூனை அடியெடுத்து வைப்பதுபோல் ஒன்று இரண்டாகிறது. அங்கிருந்து இறக்கம். பேனா ஒவ்வொரு பக்கமாக நடந்த வழியிலேயே சரிவும் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் இங்கே ஒப்புக்கொண்டிருப்பார்கள். மில்லிமீட்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

“தவளை கத்தும். அப்புறம் மழை வரும். அதுக்காகத் தவளைதான் மழையைக் கொண்டு வந்துச்சுன்னு எங்க ஆபீஸ்ல எழுதிட முடியாது சம்பந்தி.”

“நான் தவளையா?”

“எழுத்தைச் சரி பண்ணினா ஜனங்க ஓடுவாங்கன்னு நான் நம்ப மாட்டேன். படிச்சவங்க நாலு பேர் கூடத்தான் வரணும். பரிசோதனை பண்ணிப் பார்ப்போம். பத்துல அஞ்சை மட்டும் பழையபடி மாத்துங்க, முகவரியோட. அஞ்சை அப்படியே விடுங்க. என்ன நடக்குதுன்னு அளப்போம்.”

பழையபடி மாற்றுவது. அச்சகத்தில் அதற்கு ஒரு குறி உண்டு. தவறாகத் திருத்திவிட்டால், அடித்த சொல்லின் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவார்கள். முன்பு இருந்ததே சரி, தொடாதே என்று அர்த்தம். மற்றவர்கள் திருத்தியதன்மேல் புரூப்காரர் ஆயிரம் தடவை அப்படி எழுதியிருக்கிறார். தன் திருத்தத்தின்மேல் முப்பத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட எழுதியதில்லை. இதுவும் அவர் அடிக்கடி சொல்கிற பெருமைகளில் ஒன்று. சோகம் என்னவென்றால், இது மட்டும் மிகைப்படுத்தாத உண்மை.

“அதுக்கு முந்தி வீட்டுல சொல்லணுமே” என்றார்.

“அதை நான் அளக்க முடியாது” என்றார் மில்லிமீட்டர். சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

மெஷினம்மா கூடத்தில் தன் பழைய மெஷினின் மூடியைக் கழற்றி வைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். யாருக்கோ கொடுத்துவிடத் தயார் செய்வதுபோல, கைப்பிடிச் சக்கரத்தைக்கூடப் பளபளவென்று துடைத்திருந்தார். புரூப்காரர் எதிரில் நின்று, பள்ளிக்கூடத்தில் கண்ணாடியை உடைத்த பையன்போல, நிறுத்தற்குறி ஒன்றும் இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். தையல்காரப் பெண்ணின் தொலைபேசி, கொசகொச, திரள்தல், நூற்று ஏழு பக்கம், எதிர்வீட்டுப் பரிசோதனை.

எண்ணெய்க் குப்பி அந்தரத்தில் நின்றது. மெஷினம்மா முதலில் கேட்டது இது:

“அப்ப நான் சொன்ன வைத்தியம் தப்பில்லையா?”

“ஒண்ணுகூடத் தப்பில்லம்மா.”

“செஞ்சு பார்த்து யாருக்கும் கெட்டுப்போகலையா?”

“அந்தப் பொண்ணு உன்னைக் காணோம்னு ஒரு நாள் தைக்காம இருந்திருக்கு.”

மெஷினம்மா குப்பியைக் கீழே வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்தார். அதே முந்தானையால், அதே எண்ணெயோடு, கண்ணையும் துடைத்தார். பிறகுதான் கோபம் வந்தது. வந்த கோபம் அப்படி இப்படியில்லை. அந்தக் கோபத்தில் அடுக்கியிருந்த பாத்திரங்கள் தாமாகவே பரண்மேல் ஏறிக்கொண்டன என்று பின்னாளில் புரூப்காரர் சொல்வார்.

“நாலு வருஷமா ஒரு பக்கம் படிங்க, ஒரே ஒரு பக்கம் படிங்கன்னு கெஞ்சினேன். கண் வலிக்குதுன்னீங்க. நான் இல்லாதப்ப நூத்தி ஏழு பக்கமும் படிச்சிருக்கீங்க!”

“எழுத்தெழுத்தா படிச்சேன்மா.”

“அப்படியா? உக்காருங்க.” மெஷினைச் சுட்டினார். “நூலை மாட்டுங்க.”

“நானா?”

“நூத்தி ஏழு படிச்சவரு நீங்கதானே? கொசகொச பக்கத்துல எத்தனை பிழை பிடிச்சீங்க?”

“அறுபத்தொண்ணு” என்றார் புரூப்காரர். இந்த நிலையிலும் குரலில் லேசாகப் பெருமை எட்டிப் பார்த்தது.

உட்கார்ந்தார். நூலை எடுத்து, வளையத்தில் விட்டு, தகடுகளுக்கு நடுவில் இழுத்து, நூல் நுனியை நாக்கில் ஈரப்படுத்தி, மூன்றாவது முயற்சியில் ஊசிக் காதில் கோர்த்தார். ஒரு துண்டுத் துணியை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். மேலே தையல் அழகாக, நேர்கோடாக விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது. மெஷினம்மா துணியை உருவி, திருப்பி, அவர் மூக்கடியில் நீட்டினார். அடிப்பக்கம் முழுவதும் நூல் சுருண்டு, பின்னி, குழந்தை கிறுக்கியதுபோல் கிடந்தது.

“இது என்ன?”

புரூப்காரர் அதை உற்றுப் பார்த்தார். ‘ஒழுங்கற்றுத் திரள்தல்’ என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கண்ணெதிரே இருந்தது அதுவல்ல. ஒழுங்கு, அற்று, திரண்டு என்று எவ்வளவு அடுக்கினாலும் அந்தத் துணியின் அருகில்கூட வரவில்லை. அவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. இருந்தது ஒரே ஒரு சொல்தான்.

“கொசகொசன்னு இருக்கு” என்றார் மெதுவாக.

“கால் எங்க இருக்கு பாருங்க. கீழ இருக்கு. துணியை அழுத்தற காலைத் தூக்கிட்டுத்தான் நூல் மாட்டணும். கால் கீழ இருந்தா மேல தகடு இறுகிக்கும், நூல் உள்ள போய் உக்காராது. அடில கொசகொசன்னா அடியைப் போட்டுக் குடையாத கண்ணு, தப்பு மேல இருக்குன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கேன். அதுல ஒற்றுப் போட்டுத் திருத்தியிருப்பீங்க, விஷயம் மண்டையில ஏறலை.” சட்டென்று நிறுத்தினார். அவர் முகத்தில், கடையில் ஒரு மெஷினைப் பிரித்துப் பழுதைக் கண்டுபிடிக்கிற நிமிடத்தில் வருகிற வெளிச்சம் வந்தது. “தலைப்பு மேலதானேங்க இருக்கு. நாமதான் நாலு மாசமா அடில போட்டுக் குடைஞ்சுக்கிட்டு இருந்திருக்கோம்.”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது புரூப்காரருக்கு. முப்பத்தெட்டு வருடம் அவர் வார்த்தைகளைக் கண்ணால் பார்த்தார். இவள் காதால் பிடித்திருக்கிறாள். ஊசி ஒடிந்த எரிச்சலோடு, நாளைக்குக் கொடுக்க வேண்டிய துணி பாதியில் நிற்கிற பதற்றத்தோடு ஒருத்தி வாசலில் வந்து நிற்கும்போது அவள் வாயில் என்ன சொல் இருக்கும் என்று இவளுக்குத் தெரியும். அந்தச் சொல்லை எடுத்து அப்படியே வாசலில் மாட்டிவைத்திருந்தாள், வருகிறவர்கள் வீட்டை அடையாளம் கண்டுகொள்ள. அவர் போய் அதைக் கழற்றிவிட்டு நல்ல தமிழில் ஒரு பூட்டை மாட்டியிருக்கிறார்.

“மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். எதிர்வீட்டு அண்ணன் அளக்கட்டும். திரும்பி வந்தா வரட்டும், வரலைன்னா பெட்டியைக் கட்டிடலாம். அந்தப் பொண்ணு நம்பர் எங்க? மொதல்ல அவளுக்கு நூல் மாட்டிக் குடுக்கறேன்” என்றார் மெஷினம்மா.

அன்றே ஐந்து பக்கங்கள் பழையபடி ஆயின. மகளைத் தொலைபேசியில் பிடித்துச் சொன்னதும், பழைய முகவரிகளும் உயிர் பெற்றன. ‘ஒழுங்கற்றுத் திரள்தல்’ என்பதை அழித்துக் ‘கொசகொசன்னு விழுது’ என்று தட்டும்போது புரூப்காரரின் விரல், பல் பிடுங்குகிறவன் விரலைப்போல் தயங்கியது. நோட்டில் அந்த வரிக்கு நேராக, அடியில் புள்ளிகள் வைத்து, ஓரத்தில் முதன்முதலாகத் தன் திருத்தத்தின்மேல் ‘இருக்கட்டும்’ என்று எழுதினார்.

அதற்குப் பிறகு தினமும் எட்டரைக்கு எதிர்வீட்டில் ஆஜர். பத்து நாள் எதுவும் அசையவில்லை. “பார்த்தீங்களா, தவளை” என்றார் மில்லிமீட்டர். பதினைந்தாம் நாள் கொசகொச பதினாலிலிருந்து பதினொன்றுக்கு வந்தது. “காத்துல ஆடியிருக்கும்” என்றார். பதினெட்டாம் நாள் ஏழு. ஊசி ஆறு. மாற்றாமல் விட்ட ஐந்தும் படுத்த இடத்தில் படுத்திருந்தன. “நாலு நாள் பதிவை வெச்சு எங்க ஆபீஸ்ல எதையும் சொல்றதில்ல” என்றார். இருபத்துமூன்றாம் நாள் கொசகொச மூன்றுக்கு வந்தபோது, புரூப்காரர் எழுந்து நின்று, உலகத்தில் உள்ள தையல்காரர்கள் அத்தனை பேரும் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு இந்தத் தெருவை நோக்கி நடந்து வருகிறார்கள் என்றார். மில்லிமீட்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “யாரும் வரல” என்றார்.

அவர் கவனிக்காத ஒன்றைப் புரூப்காரர் கவனித்தார். இதை அளக்கக் கூடாது என்று கணக்கு வைக்காமல்தான் இருந்தார். ஆனாலும் கண்ணில் பட்டது. சுவரில் ஒரு திருப்புளி திரும்பத் தொங்கியது. இரண்டு நாள் கழித்துக் குறடு. பிறகு வளையத்தில் எண்ணெய்க் குப்பி. வீட்டில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் மெஷினம்மா பெட்டியிலிருந்து எதையாவது எடுக்கவேண்டியிருந்தது. எடுத்ததைப் பெட்டியில் திரும்ப வைக்க மறந்துபோனது.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் காலை. மில்லிமீட்டர் கொசகொசவைத் தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி தட்டினார். ஒன்று. ஊசியைத் தட்டினார். ஒன்று. தையலு விட்டு விட்டு விழுது. இரண்டு. மாற்றாத ஐந்தையும் தட்டினார். பன்னிரண்டு, பதினாறு, பதினொன்று, இருபது, பதினாலு. எல்லாவற்றையும் கட்டத்தில் எழுதி முடித்தார்.

புரூப்காரரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“என்ன சம்பந்தி? தவளையா, மழையா?”

மில்லிமீட்டர் நோட்டை அருகில் இழுத்தார். நோட்டில் வலது ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. மூன்றே முக்கால் வருடத்தில் அது ஒருநாளும் நிரம்பியதில்லை. அவர் பேனாவை அங்கே கொண்டுபோனார். ஒரு தடவை பின்வாங்கினார். கதவு திறந்துதான் இருந்தது. எதிர்வீட்டிலிருந்து குரல் கேட்டது: “பயப்படாத கண்ணு. மெசின் உன்னைக் கடிக்காது. கொசகொசன்னுதானே விழுது? காலைத் தூக்கு. ம்... உன் காலையில்லடி, மெசின் காலை!”

மில்லிமீட்டர் எழுதினார். ஒரே ஒரு சொல். எழுதிவிட்டு, யாரோ அடித்துவிடப் போவதுபோல் கையால் சற்றே மறைத்துக்கொண்டார். பிறகு நோட்டைச் சம்பந்தியின் பக்கம் தள்ளினார்.

‘நடந்துச்சி.’

புரூப்காரரின் கை தன்னிச்சையாகச் சட்டைப் பைக்குப் போனது. சிவப்புப் பேனாவின் மூடி கழன்றது. முனை கடைசி எழுத்தின்மேல் போய் நின்றது. மில்லிமீட்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் மெஷின் ஓடத் தொடங்கியது, தங்குதடையில்லாமல், ஒரே சீராக.

பேனா எழுத்தைத் தொடாமல் மெல்லக் கீழே இறங்கி, அந்தச் சொல்லின் அடியில், ஒன்றன்பின் ஒன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனது.